ஆடி 18-க்கு யார் யாருக்கு லீவு?

சுதந்திர தினம் நாடு முழுவதற்கும் விடுமுறை. ஆடிப்பெருக்கு அப்படியல்ல. பென்னாகரம் வட்டத்து ஒகேனக்கலில் காவிரி பொங்கிவரும் ஆடி 18-க்கு, தர்மபுரி மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். ஆனால் இது 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது. அதனால் வங்கிகள் இயங்கும். கருவூலங்களும் அவசரப் பணிக்குக் குறைந்த பணியாளர்களோடு திறந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் சற்றே கசப்பு: ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு! ஆற்றங்கரையிலோ புதுமணப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றி, காதோலை கருகமணியைத் தண்ணீரில் விடுவார்கள். நீர்வரத்து மிக அதிகமானால் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும், கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள்.