அட்டையைக் காலி செய்துவிட்டு வருகிறார்கள்

கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். ஒரு பெரிய மாத்திரையும் நான்கு சின்ன மாத்திரைகளும் இருந்த இடம் காலியாக இருக்கும். "எப்படிம்மா சாப்பிட்ட?" என்று கேட்டால், "அஞ்சையும் ஒண்ணா போட்டுட்டேன் மேடம்" என்று பதில் வரும். எப்போது என்றால், இரண்டு வாரம் ஆகிறது என்பார்கள். அத்தனை நாளும் ரத்தம் போயிருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே தெரியாது. வீட்டில் அல்சர் வலி என்று சொல்லியிருப்பார்கள். கூட வந்த ஹாஸ்டல் தோழி கதவோரம் பயந்துபோய் நிற்பாள்.

மகப்பேறு மருத்துவராக இதை அண்மைக் காலத்தில் அடிக்கடி பார்க்கிறேன். கல்லூரி மாணவிகள், மில்லில் வேலை பார்க்கும் பெண்கள், கல்யாணமாகிச் சில மாதமே ஆனவர்கள் என்று எல்லோரும் இப்படி வருகிறார்கள். நாள் தள்ளிப்போன முதல் வாரத்திலேயே வந்திருந்தால் கொஞ்ச நேரப் பேச்சோடும் ஒரு ஸ்கேனோடும் முடிந்திருக்கும். தாமதித்ததால் ரத்தம் ஏற்றி, மயக்க மருந்து கொடுத்து, கருப்பையைச் சுத்தம் செய்கிற வரை போகிறது.

இரண்டும் ஒரே மாத்திரை அல்ல

அவசரக் கருத்தடை மாத்திரையையும் கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றென நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. "ஐ-பில்" என்று பலரும் சொல்வது முதல் வகை. அதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. கரு உருவாகிப் பதிந்துவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அவசரத்துக்கு என்று இருக்கும் இந்த மாத்திரையை மாதாமாதம் நம்பியிருக்கக் கூடாது. தினசரி முறைகள் தரும் அளவுக்குப் பாதுகாப்பு இதில் இல்லை.

இரண்டாவது வகைதான் அந்த ஐந்து மாத்திரை அட்டை. மிஃபெப்ரிஸ்டோன் ஒன்று, மிசோப்ரோஸ்டால் நான்கு. முதலாவதைப் போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் மற்ற நான்கும். மருத்துவர் மேற்பார்வையில், ஒன்பது வாரம் வரைதான் இதற்கு நம் நாட்டில் அனுமதி.

முதல் வகையை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்று 2005-லேயே அனுமதி வந்தாயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் அதை வைப்பதே இல்லை. கேட்கிற பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். சீட்டு கட்டாயமாக வேண்டிய இரண்டாவது வகையோ யாரோ தெரிந்தவர் மூலம் கைக்கு வந்துவிடுகிறது. கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரை மூன்று நாளைக்குள் கிடைத்திருந்தால் இவர்களில் பலர் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ரத்தம் போனால் கலைந்துவிட்டதா?

இல்லை. கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு அப்படி அமையும். கருக்கலைப்பு மாத்திரை அதைக் கலைக்காது. ஆனாலும் ரத்தப்போக்கு வரும். எல்லாம் முடிந்தது என்று அந்தப் பெண் நிம்மதியாகிவிடுவாள். சில நாளில் குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கம் பிடுங்கும் வலி, தோள்பட்டை வலி, கண் இருட்டிக்கொண்டு மயக்கம் என்றால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பாதி கலைந்து பாதி தங்கிவிடுவது இன்னொரு ஆபத்து. அடுத்தடுத்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு நாப்கின் நனைந்தால், காய்ச்சல் நிற்காவிட்டால், நாற்றத்தோடு நீர் கசிந்தால் உடனே வாருங்கள். கலையவே கலையாமல் கரு வளர்ந்துகொண்டிருப்பதும் உண்டு. அந்தச் சிசுவுக்கு மிசோப்ரோஸ்டாலால் குறைபாடு ஏற்படலாம்.

சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், ஹீமோகுளோபின், ரத்தப் பிரிவு. மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்.

பப்பாளி முதல் எருக்கு வரை

பப்பாளிக்காயும் அன்னாசியும் எள்ளும் வெல்லமும் நாளை வரவைக்கும் என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். கருஞ்சீரகக் கஷாயத்தையும் இப்போது சேர்த்துக்கொண்டார்கள். இவற்றை நம்பி நான்கு வாரம் வீணாகிறது என்பதுதான் பெரிய கேடு. ஆறு வாரத்தில் வர வேண்டியவள் பத்து வாரத்தில் வருகிறாள். மாத்திரை என்ற வழியே அதற்குள் அடைபட்டுவிடுகிறது. எருக்கங்குச்சி வைப்பது பழைய காலத்தோடு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கருப்பையில் துளை விழுந்து, சீழ் பிடித்து, உயிர் போகும். குச்சியோ வேரோ, எதையும் உள்ளே வைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதல் தடவையில் கர்ப்பம் தரிக்காது என்பார்கள். தரிக்கும். உடனே எழுந்து கழுவிவிட்டால் போதும் என்பார்கள். போதாது, விந்தணு அதற்குள் மேலே ஏறிவிடும். கடைசி நேரத்தில் விலகிக்கொள்கிறோம் என்பவர்கள் அதே கதையோடு மறுபடி வருகிறார்கள். செல்போன் செயலியில் "சேஃப் டேஸ்" பார்த்து நடக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு மாதவிடாய் மாதாமாதம் அதே நாளில் வருகிறதா? நீர்க்கட்டி, தேர்வு, இரவு வேலை, எதுவும் நாளை மாற்றும். விந்தணுவோ உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். பிறகு எந்த நாளை நம்புவது?

இரண்டு ஆணுறை போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்பது தவறு. ஒன்றோடொன்று உரசிக் கிழிவதற்கே அது வழி. தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிவிடும். பர்ஸுக்குள் மாதக்கணக்கில் வெப்பத்தில் கிடந்ததைப் பயன்படுத்தாதீர்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பின்னால் குழந்தையே பிறக்காது என்ற பயம்தான் எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது. நிறுத்திய சில மாதங்களில் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். கருக்குழாயை அடைப்பது கவனிக்காமல் விட்ட தொற்றும், அரைகுறையாகச் செய்த கருக்கலைப்பும்தான். எந்த மாத்திரைக்குப் பயந்து ஓடுகிறார்களோ, அது பழி இல்லாதது.

பையன்களிடம் யார் பேசுவது?

லாட்ஜில் அறை எடுத்து, "இளமையில் செய்த தவறு" என்று பயமுறுத்தி லேகியம் விற்பவர்களிடம் நம் பையன்களை விட்டுவிட்டோம். சுய இன்பத்தால் நரம்பு தளராது, விந்து தீர்ந்துபோகாது. தூக்கத்தில் விந்து வெளியாவது நோய் அல்ல. இந்த மூன்று வரியை அப்பாவோ அண்ணனோ ஆசிரியரோ சொல்லியிருந்தால் எத்தனை பேரின் பணமும் தூக்கமும் மிஞ்சியிருக்கும்!

தொடை இடுக்கு அரிப்புக்குக் கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவித் தடவிப் படையை இடுப்பு வரை பரப்பிக்கொண்டு வருகிறார்கள். உறுப்பில் புண் வந்தால் நண்பன் சொன்ன ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் விழுங்குகிறார்கள். சிஃபிலிஸ் புண் வலிக்காது, தானாகவே ஆறியும் விடும். கிருமி மட்டும் உடலுக்குள் இருக்கும். பெண்களில் கிளமிடியா பெரும்பாலும் ஓர் அறிகுறியும் காட்டாது. எச்.ஐ.வி. பயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 28 நாள் தடுப்பு மருந்து இருக்கிறது. நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஆணுறை ஒன்றுதான் கர்ப்பத்தையும் தொற்றையும் சேர்த்துத் தடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். தினசரி மாத்திரையான மாலா-என், வாரமொருமுறை (முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை) போடும் ஹார்மோன் இல்லாத சாயா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர்-டி ஆகியவையும் அரசில் இலவசமே. குழந்தை பெறாதவர்களும் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். தோழியின் அட்டையை மட்டும் கடன் வாங்காதீர்கள். ஒற்றைத் தலைவலியோ ரத்தம் உறைகிற கோளாறோ இருப்பவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது.

யாருடைய கையெழுத்து வேண்டும்?

18 வயது நிறைந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், பெற்றோர் யாருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2021-இல் திருத்தியபோது, கருத்தடை தவறியதால் வரும் கர்ப்பத்துக்கான பிரிவில் "கணவர்" என்ற இடத்தில் "துணைவர்" என்று மாற்றினார்கள். திருமணமாகாதவர்களுக்கும் அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் உறுதிசெய்தது. பெயரை வெளியிடும் மருத்துவர் தண்டனைக்குரியவர். 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலர் சம்மதம் வேண்டும், போக்சோ சட்டப்படி தகவலும் தர வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தை அதில் சொல்ல வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. போலீஸ் பயத்தால் அந்தச் சிறுமியை மறைத்து வைக்காதீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மாரே, அவசரக் கருத்தடை மாத்திரையை வாங்கி வையுங்கள். கேட்கும் பிள்ளையை அவமானப்படுத்தாமல் கொடுங்கள். ஐந்து மாத்திரை அட்டையைச் சீட்டில்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அம்மாக்களே, மகளோடு என்னிடம் வரும்போது ஐந்து நிமிடம் வெளியே உட்காருங்கள். "என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல" என்று நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லும் வரை அவளால் கடைசி மாதவிடாய்த் தேதியைக்கூட உண்மையாகச் சொல்ல முடியாது. வெளியே வந்த பிறகு அவளைத் துருவிக் கேட்காதீர்கள்.

தங்கைகளே, நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆனதும் பரிசோதனை அட்டை வாங்கிப் பாருங்கள். இரண்டு கோடு தெரிந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்கு வாருங்கள். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 104-ஐ அழைத்துப் பேசுங்கள். மாத்திரையை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? அட்டையைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுவாருங்கள், என்றைக்குப் போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.