ஏரிக்கரைக் குடிலில் ஒரு வாரம்: நோயாளரை அழைத்துச் செல்லலாமா?

பள்ளித் தேர்வுகள் முடியும் காலத்தில் எங்கள் புறநோயாளர் பிரிவில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "கொடைக்கானலில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருக்கிறோம். அப்பாவையும் அழைத்துப் போகலாமா, டாக்டர்?" என்று மகளோ மருமகனோ கேட்பார். நோயாளரோ, தம்மால் மற்றவர்களுக்குத் தொல்லை வேண்டாம் என்று எண்ணி, "நீங்கள் போய் வாருங்கள்" என்று முந்திக்கொள்வார்.

இதில் இரண்டு வகைப் பிழைகள் நேரக்கூடும். முன்னேற்பாடு ஏதுமின்றி அழைத்துச் சென்று, மருத்துவ உதவி தொலைவில் உள்ள இடத்தில் இடர்ப்படுவது ஒன்று. போகக்கூடிய உடல்நிலையில் உள்ளவரைத் தேவையற்ற அச்சத்தால் வீட்டில் தனியே விட்டுச் செல்வது மற்றொன்று. நாள்பட்ட நோயுடன் வாழ்வோரில் பெரும்பாலோர், நோய் கட்டுக்குள் இருக்குமாயின், இத்தகைய பயணத்தை மேற்கொள்ளலாம் என்பதே எங்கள் கருத்து. அதற்கு வேண்டியவற்றை வரிசையாக விளக்குகிறோம்.

உயரம் உடலுக்குச் செய்வது என்ன?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள காற்றிலும் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் சற்றுக் குறைவு. எனவே ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலை அடையும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட மூச்சு சற்று வேகமாகிறது. இதயத் துடிப்பும் கூடுகிறது. உடல்நலம் உள்ளவர் இதை உணர்வதே அரிது. இமயமலைப் பயணங்களில் பேசப்படும் மலைநோய், பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றுகிறது. ஆனால் இதயமோ நுரையீரலோ ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இந்தச் சிறு கூடுதல் வேலையும் சுமையாகலாம்.

ஆகவே, மாரடைப்பு ஏற்பட்டோ இதய அறுவை சிகிச்சை முடிந்தோ சில வாரங்களே ஆனவர்கள், ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வருபவர்கள், காலில் வீக்கம் கூடிவரும் இதயச் செயலிழப்பு நோயாளர்கள், சமவெளியிலேயே ஆக்சிஜன் அளவு 92 விழுக்காட்டிற்குக் கீழ் இருப்பவர்கள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒரு முறையைக்கூடத் தவறவிடலாகாது. அவருக்கு ஒரு வாரத் தங்கலைவிட, இரு சிகிச்சைகளுக்கு இடையே அமையும் ஓர் இரவுப் பயணமே பொருந்தும். மற்றவர்கள் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாகத் தம் மருத்துவரைக் கண்டு ஒப்புதல் பெறுவது போதுமானது.

மலையேறும் நாள்

வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை 50 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. வளைவுகளில் கழிப்பிடம் எளிதில் கிடைக்காது என்பதால், நீர் பிரியும் மாத்திரையை அன்று விட்டுவிடும் நோயாளர்கள் பலர். அங்கே போய் உணவும் மாறி, உப்பும் கூடி, மறுநாளும் ஊர்சுற்றல் என்று மாத்திரை விடுபட்டால், மூன்றாம் நாள் இரவில் படுக்க முடியாத மூச்சுத்திணறல் வரக்கூடும். மாத்திரையை விடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். காலையில் உண்ண வேண்டியதைக் குடிலை அடைந்தபின் பிற்பகலில் உண்ணலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாந்தியைத் தடுக்கும் பயண மாத்திரைகளில் பல, தூக்கத்தையும் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தரக்கூடியவை. புரோஸ்டேட் வீக்கமோ கண்ணழுத்த நோயோ உள்ளவர்கள் அவற்றைக் கேட்காமல் வாங்கி உண்ணலாகாது. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர் வாந்தியின்போது உணவின்றி இருந்தால் சர்க்கரை தாழக்கூடும். குளுக்கோஸ் பொட்டலமோ சர்க்கரையோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பெட்டிக்குள் அல்ல.

இன்சுலினைப் பற்றி ஒரு சொல். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பியோ பேனாவோ, 25 முதல் 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. (வகைக்கு வகை சிறிது மாறும், உறையில் உள்ள குறிப்பைப் பாருங்கள்.) ஆகவே மலையின் குளிரில் அதற்குக் குளிர்பெட்டி தேவையில்லை. ஆபத்து வழியில்தான் உள்ளது. உணவுக்காக வெயிலில் நிறுத்தப்பட்ட காருக்குள் இன்சுலினை விட்டுச் செல்லாதீர்கள். பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.

குடிலில் முதல் இரவு

முதல் நாள் ஓய்வு நாளாக இருக்கட்டும். ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மறுநாள் முதல் சிறிது சிறிதாக நடக்கலாம். நடந்துகொண்டே பேச முடிகிறதா என்பதே நல்ல அளவுகோல். பேச்சு தடைப்பட்டால் நின்றுவிட வேண்டும். வீட்டில் நடப்பதைவிடக் கூடுதலாக நடப்பதால் சர்க்கரை தாழலாம். இன்சுலின் போடுபவர்கள் வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாகச் சோதித்துக்கொள்வது நல்லது. குளிரில் விறைத்த விரலில் ஆக்சிஜன் அளவுமானி தவறான எண்ணைக் காட்டும்; கையைத் தேய்த்துச் சூடாக்கியபின் அளவிடுங்கள்.

இக்கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதாயின், அது இதுவாக இருக்கட்டும்: குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ விறகுக் கணப்பையோ வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். இறைச்சி வாட்டிய அடுப்பில் தணல்தானே இருக்கிறது, புகை இல்லையே என்று எண்ணி அதை உள்ளே எடுத்து வருவது உயிரைப் பறிக்கும் செயல். தணல் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்கிற்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அயர்வு என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிர் பிரிகிறது. வளைவுச் சாலையால் வந்த களைப்பு என்று குடும்பத்தார் தவறாக எண்ணவும் வாய்ப்புண்டு. ஒரே அறையில் உள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், உடனே அனைவரும் வெளியேறித் திறந்த வெளிக்கு வந்து, 108 எண்ணை அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியை இங்கே நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது இயல்பானதாகவே காட்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கம்பளியும் மின்சூடேற்றியும் போதும்.

ஏரியில்

கொடைக்கானல் ஏரி 1863ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட செயற்கை ஏரி. அமைதியான நீர்தான், எனினும் படகில் ஏறும் ஒவ்வொருவரும், நீந்தத் தெரிந்தவரும்கூட, உயிர்காப்பு அங்கியை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர் மிதிபடகில் தனியே செல்லலாகாது.

உலகில் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு கணக்கிட்டுள்ளது. அவர்களில் பெரும்பகுதியினர் குழந்தைகளும் இளைஞர்களும். மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூச்சுக்குப் போராடும் வாயால் கத்த முடிவதில்லை. நோயாளரைக் கவனிப்பதில் அனைவரும் ஈடுபட்டிருக்கும் பொழுதுதான் குழந்தை கரையோரம் நழுவிச் செல்லும். "எல்லோரும் பார்க்கிறோம்" என்றால் எவரும் பார்ப்பதில்லை. ஆகவே குழந்தைக்கென ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் கையில் கைப்பேசி இருக்க வேண்டாம்.

மீட்கப்பட்டவரின் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயலாதீர்கள். அது பயனற்றது, வாந்தி மூச்சுக்குழலில் இறங்கவும் காரணமாகும். மூச்சில்லையெனில் வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, 30 மார்பழுத்தங்களுக்கு 2 மூச்சு என்ற கணக்கில் உதவி வரும்வரை தொடருங்கள். மூழ்கியவருக்கு முதற்கண் தேவைப்படுவது மூச்சே.

பராமரிப்பாளருக்கும் இது விடுமுறைதானா?

ஆண்டு முழுதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரும், இரவில் எழுந்து பார்ப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. பல வீடுகளில் அவர் மனைவி அல்லது மருமகள். குடிலிலும் சமையலும் மருந்தும் அவர் பொறுப்பே என்றால் அவருக்குக் கிடைப்பது இடமாற்றம் மட்டும், ஓய்வு அல்ல. புறப்படுமுன் ஏழு நாட்களுக்கான மருந்துப் பொறுப்பைக் குடும்பத்தில் பங்கிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். சிறுவர்களும் தாத்தாவின் மாத்திரை நேரத்தை நினைவூட்டலாம். களைப்பு நீங்கிய பராமரிப்பாளரின் கவனிப்பே நோயாளருக்கும் பாதுகாப்பு.

எடுத்துச் செல்ல வேண்டியவை

பத்து நாட்களுக்கான மருந்து. பயணம் நீண்டாலும் குறைவு வராது. மருந்துப் பட்டியல், அண்மைய இ.சி.ஜி., மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பு ஆகியவற்றின் நகல்கள், சட்டைப் பையில் ஒன்றும் கைப்பேசியில் ஒன்றுமாக. மூச்சிழுப்பு மருந்து, சர்க்கரைமானி, இரத்த அழுத்தமானி. நாக்கின் அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை, மருத்துவர் எழுதியிருந்தால். சென்றடைந்ததும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லும் வழியைக் குடிலின் காவலரிடம் கேட்டுவையுங்கள். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை உள்ளதால், அதையும் முன்கூட்டியே பெறுங்கள்.

நெஞ்சுவலி, ஓய்விலும் தணியாத மூச்சுத்திணறல், குழறும் பேச்சு, கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். ஐயமிருப்பின், அடுத்த மறுபரிசோதனையின்போது பயண நாட்களை எங்களிடம் தெரிவியுங்கள். மருந்து நேரங்களை அதற்கேற்ப அமைத்துத் தருவோம்.