டொராண்டோவில் கிடைத்த மருந்து

நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் செரித்துச் சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் செல்களுக்குள் சென்றால்தான் நமக்கு ஆற்றல் கிடைக்கும். அதற்குத் துணைபுரிவது, இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம் சுரக்கும் இன்சுலின். சில குழந்தைகளுக்கு இச்சுரப்பு நின்றுவிடுகிறது. அப்போது குருதியில் சர்க்கரை மிகுந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கிறது. இதனை முதல் வகை நீரிழிவு என்பர்.

நூறாண்டுகளுக்கு முன்பு இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்வதில்லை. உணவை மிகவும் குறைத்து வாழ்நாளைச் சிறிது நீட்டிப்பதே மருத்துவர்கள் அறிந்த வழி. பசித்து அழும் பிள்ளைக்கு உணவை மறுப்பதே மருத்துவம் என்றால், பெற்றோர் எவ்வளவு வருந்தியிருப்பர்!

1889ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர், கணையம் நீக்கப்பட்ட நாய்க்கு நீரிழிவு உண்டாவதைக் கண்டனர். கணையத்தில் உள்ள ஏதோ ஒரு பொருள் நோயைத் தடுக்கிறது என்பது புலனாயிற்று. அதைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்றும், நோயாளிக்குத் தரத்தக்க மருந்தாக அஃது அமையவில்லை.

1921ஆம் ஆண்டு கோடையில், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லவுட், பாண்டிங் என்னும் இளம் அறுவை மருத்துவருக்குத் தம் ஆய்வுக்கூடத்தில் இடமளித்தார். சார்லஸ் பெஸ்ட் உதவியாளராகச் சேர்ந்தார். அவர்கள் கணையத்திலிருந்து எடுத்த சாறு, நீரிழிவுற்ற நாய்களின் குருதிச் சர்க்கரையைக் குறைத்தது.

1922 சனவரி 11 அன்று, லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாறு ஊசிமூலம் செலுத்தப்பட்டது. அது தூய்மையற்றிருந்தமையால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஊசி போட்ட இடமும் புண்பட்டது. வேதியியல் அறிஞர் கோலிப் அதனைத் தூய்மைப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது. சிறுவன் தேறினான், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். உலகம் பாண்டிங்கின் பெயரையே மிகுதியாகக் கூறுகிறது. கோலிப்பின் அப்பன்னிரண்டு நாள் உழைப்பையும் மறத்தலாகாது.

ஆயினும் இன்சுலின் நோயைக் கட்டுப்படுத்துமேயன்றி நீக்காது. நோயாளி நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோயையே நீக்க முயன்றவர்களுள் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். இறந்தோர் கொடையாக அளித்த கணையங்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்து, எழுவரின் கல்லீரலில் சேர்த்தனர். எழுவரும் ஊசியின்றி வாழ்ந்த செய்தி 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆனால், உடல் அச்செல்களை அயலெனக் கருதித் தாக்காதிருக்க, அவர்கள் வேறு மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள நேர்ந்தது. அவ்வாறு சிகிச்சை பெற்றோர் பலருக்குச் சில ஆண்டுகளில் மீண்டும் இன்சுலின் தேவைப்பட்டது. அம்மருந்துகள் இல்லாமலே செல்களைக் காக்கும் வழியைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் தேடுகின்றனர்.