இல்லாதவன் இடத்தில் ஒரு பங்காளி

சான் பிரான்சிஸ்கோ நகரம் மேற்கே கடலை நோக்கி வீடுகளாகக் கட்டிக்கொண்டே போனது. அந்தக் கடலோர மணல்மேடுகளில்தான் செர்சீஸ் நீலன் என்ற சின்னஞ்சிறு பட்டாம்பூச்சி வாழ்ந்தது, வேறெங்கும் கிடையாது. 1940களின் தொடக்கத்துக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

அதன் பங்காளி வெள்ளி நீலன். சிறகை விரித்தால் இரண்டிலும் ஆண்கள் நீலம்தான். மடக்கினால்தான் ஆள் தெரியும். வெள்ளி நீலனின் சிறகடியில் வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளிகள் இருக்கும். செர்சீஸுக்கு அந்த இடத்தில் பெரிய வெள்ளைப் புள்ளிகள், சிலவற்றில் மட்டும் நடுவே கருமை. இது தனி இனமா, வெள்ளி நீலனின் உள்ளூர் வகையா என்ற சந்தேகம் நெடுநாள் தீரவில்லை. சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்திலிருந்த 93 ஆண்டு பழைய பூச்சியின் வயிற்றில் ஒரு துணுக்கைக் கிள்ளி மரபணுவைப் படித்தார்கள். தனி இனம்தான் என்று 2021இல் தெரிந்தது, இனம் போய்ச் சேர்ந்து எண்பது ஆண்டு கழித்து!

இரண்டின் புழுக்களுக்கும் அவரைக் குடும்பச் செடிகளே சாப்பாடு. எறும்போடும் கொடுக்கல் வாங்கல் உண்டு: புழு இனிப்புநீர் சுரக்கும், அதைக் குடிக்கும் எறும்பு எதிரிகளை அண்டவிடாது. வேறுபாடு வாழும் பரப்பில்தான். வெள்ளி நீலன் வட அமெரிக்காவில் பரந்து கிடக்கிறது. செர்சீஸின் மணல்வெளி வீட்டுமனையானதும் போக்கிடம் இல்லாமல் போனது.

பரந்து கிடப்பதால் வெள்ளி நீலனுக்குக் கவலையில்லை என்று விட்டுவிடவும் முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமுள்ள அதன் துணையினமான பாலோஸ் வெர்டெஸ் நீலன் 1980இல் அழியும் ஆபத்திலுள்ள உயிராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 1983க்குப் பின் கண்ணிலேயே படவில்லை. 1994இல் அது திரும்பத் தட்டுப்பட்ட இடம், பொதுமக்கள் நுழைய முடியாத கடற்படை எரிபொருள் கிடங்கு வளாகம். இனத்துக்கு நேரே 'ஆபத்தில்லை' என்று எழுதிவிட்டால் இப்படிப்பட்ட கிளைகள் ஓசையில்லாமல் முறிந்துபோகும்.

2024 வசந்தத்தில் கலிபோர்னியா அறிவியல் கழகத்தார் மான்டரே வட்டாரத்தில் பிடித்த சில டஜன் வெள்ளி நீலன்களைச் சான் பிரான்சிஸ்கோவின் பிரிசிடியோ பூங்காவில் விட்டார்கள். மரபணுவில் செர்சீஸுக்கு நெருக்கமானவை என்று தேர்ந்தெடுத்தவை. குளிரூட்டிய சிறு டப்பாக்களில் தனித்தனியாகக் கொண்டுவந்து, பழச்சுவை கேட்டரேட் பானம் ஊட்டித் தெம்பாக்கி விட்டார்களாம். செர்சீஸ் திரும்பிவிட்டது என்று யாரும் கொண்டாட வேண்டியதில்லை. செடிக்கும் எறும்புக்கும் மறுபடி ஒரு நீலன் கிடைத்தது, அவ்வளவே. ஆய்வுக்கூடத்தில் அழிந்ததை உயிர்ப்பிக்கும் பேச்சைவிட இது எனக்கு நேர்மையான வேலையாகப் படுகிறது. பூச்சி வந்து இறங்குவதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே அங்கே மணல்மேட்டைச் சீர்செய்து உள்ளூர்ச் செடிகளை நட்டு வந்திருக்கிறார்கள்.