காற்றில் சுட்ட பூண்டு... சாப்பாடா, மருந்தா?

போன மாதம் ரிடையர்டு வாத்தியார் ஒருவர் மனைவியோடு என் வைத்தியசாலைக்கு வந்தார். உட்கார்ந்ததும் அந்தம்மா பையிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். நல்லெண்ணெயில் மூழ்கிக் கிடந்தன, பொன்னிறமாகச் சுட்ட பூண்டுப் பற்கள்.

"பையன் ஏர் ஃப்ரையர் வாங்கிக் கொடுத்திருக்கான் டாக்டர். அதுல சுட்டு எண்ணெயில ஊறப் போட்டிருக்கேன். தினம் பத்துப் பல் சாப்பிடுறார். பிரஷர் மாத்திரையைக்கூட நிறுத்திட்டார்!" என்றார் பெருமையாக.

பிரஷர் பார்த்தேன். 170/100.

"சார், இன்னிக்கே உங்க டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி ஆரம்பிங்க" என்றேன். பாட்டில் எத்தனை நாளா இருக்கிறது என்று கேட்டேன். ஒரு வாரமாக அடுப்பு மேடையிலேயே இருக்கிறதாம். "அதைக் கொட்டிடுங்கம்மா." அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு. ஒரு சித்த வைத்தியனே பூண்டு வேண்டாம் என்கிறானே என்று நினைத்திருப்பார். பூண்டு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

ஏர் ஃப்ரையர் ஒன்றும் மாயப்பெட்டி அல்ல. 2010-ல் ஃபிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியபிறகு பரவிய சாதனம். மேலே ஹீட்டர் கம்பி, அதன் சூட்டை வேகமாகச் சுழற்ற ஒரு விசிறி. அவ்வளவுதான். நம் பாட்டி தணலில் போட்டுச் சுட்டால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும். இதில் எல்லாப் பக்கமும் சூடு பிடிக்கும். சித்த மருத்துவத்தில் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயையே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். தீ தப்பினால் மருந்து கெட்டது. பூண்டும் அப்படித்தான். 200 டிகிரிக்குத் திருகிவிட்டு "கசக்குதே" என்றால் பூண்டு என்ன செய்யும்?

முழுப் பூண்டின் தலையை லேசாகச் சீவி, அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, அலுமினியத் தாளில் பொட்டலமாகச் சுற்றி, 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். பிதுக்கினால் வெண்ணெய் மாதிரி வர வேண்டும். தாள் சுற்றாமல் வைத்தால் வெள்ளைத் தோல் காற்றில் பறந்து ஹீட்டரில் ஒட்டிக் கருகும்; வீடு முழுக்கப் புகை.

இனி மருந்து விஷயம். பச்சைப் பூண்டை நசுக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும் காரம் வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? முழுப் பல்லில் அந்த நெடி கிடையாது. பல்லுக்குள் அல்லின் என்ற பொருளும், அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறையில் இருக்கின்றன. நசுங்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. 1944-ல் இதைப் பிரித்தெடுத்து, கிருமிகளை அடக்கும் என்று காட்டினார்கள். முழுசாகச் சுட்டால் அந்த நொதி வெந்து செத்துவிடும். அல்லிசின் பிறக்க வழியில்லை. அதனால்தான் சுட்ட பூண்டு காரமில்லாமல் இனிக்கிறது. நாக்குக்கும் வயிற்றுக்கும் சாது. பச்சைப் பூண்டு தின்றால் நெஞ்சு எரிகிறது என்பவர்களுக்கும், பல் இல்லாத பெரியவர்களுக்கும் நல்ல உணவு. ஆனால் "கேஸ்" எல்லோருக்கும் போகும் என்று நினைக்காதீர்கள். பூண்டிலுள்ள ஃப்ரக்டான் என்னும் மாவுச்சத்து சிலருக்கு வயிற்றை உப்ப வைக்கும். சுட்டாலும் அது முழுசாகப் போவதில்லை.

காரம் கொஞ்சமாவது வேண்டுமென்றால், முதலில் நசுக்கி 10 நிமிடம் சும்மா வைத்துவிட்டு அப்புறம் சூடு காட்டுங்கள். 2001-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், இப்படிப் பொறுத்துச் சூடாக்கிய பூண்டில் குணம் முழுசாக அழியவில்லை என்று கண்டார்கள். பச்சையாகவே தின்றாலும் மாத்திரைக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 192 பேரிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். பச்சைப் பூண்டு சாப்பிட்டவர்களுக்கும் கெட்ட கொழுப்பு குறையவில்லை. நம் வைத்தியத்தின் மேல் மதிப்பிருப்பதால்தான் இதை மறைக்காமல் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களும் பூண்டை அளவு கூட்டித் தின்னும் முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இப்போது அந்த பாட்டில். மண்ணில் வாழும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் பூண்டோடு ஒட்டி வரலாம். ஈரமுள்ள பல்லுக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; அந்த வித்து அதற்குச் சாகாது. எண்ணெயில் மூழ்கியதும் காற்றும் கிடையாது, புளிப்பும் கிடையாது. அந்த இடம்தான் அதற்குப் பிடித்தம். முளைத்து விஷம் கக்கும். வாடை வராது, நிறமும் மாறாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில், ஃபிரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். இமை தொங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமை... இதில் எது வந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"பூண்டு ஊறுகாய் மட்டும் மாசக்கணக்கா இருக்கே?" என்று கேட்டார் அந்தம்மா. நியாயமான கேள்வி. அதில் எலுமிச்சையோ புளியோ இருக்கிறது, உப்பும் நிறைய. புளிப்பில் அந்தக் கிருமி வளராது.

போன வாரம் வாத்தியார் மறுபடி வந்தார். மாத்திரை சாப்பிடுகிறார், பிரஷர் 138/86. ரசம் சாதத்தில் ரெண்டு மூணு சுட்ட பல் பிசைந்து சாப்பிடுகிறாராம். தினம் தினம் சுட முடியாதே, என்ன செய்ய என்றார் அந்தம்மா. எண்ணெய் விட்டு வைப்பதென்றால் ஃபிரிட்ஜில், அதுவும் நாலு நாளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மசித்து, ஐஸ் டிரேயில் அடைத்து ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது ஒரு கட்டி எடுத்து ரசத்தில் போட்டால் போதும்.