வழக்கறிஞரும் கட்சிக்காரரும்

வழக்கில்லாத கிராமம் நல்ல கிராமம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரப்புத் தகராறும் பாகப் பிரிவினையும் நில ஆர்ஜித இழப்பீடும் உள்ளவரை, குடியானவர் நீதிமன்றப் படி ஏறுவது தவிர்க்க முடியாததாகவே இருக்கிறது. அவ்வாறு செல்வோர் வழக்கறிஞரைத் தெய்வமென நம்புகின்றனர். வழக்குத் தோற்றால் அவரையே தூற்றுகின்றனர். அவருக்கென எழுதி வைக்கப்பட்ட கடமைகள் உண்டு என்பதைப் பலர் அறியார். சாலைக்காக நிலம் கொடுத்த விவசாயி ஒருவர் எம் அலுவலகத்திற்கு வந்து, "வருகிற தொகையிலே நாலில் ஒரு பங்கு வக்கீலுக்கு என்று முத்திரைத்தாளிலே கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஐயா. இனி மாற்ற முடியாதே" என்று வருந்தினார். அந்தத் தாள் அவரைக் கட்டுப்படுத்தாது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அதுபற்றியே இங்கு எழுதத் துணிந்தோம்.

வழக்கறிஞர்கள் சட்டம் 1961 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகள் நாடு முழுதும் உள்ள வழக்கறிஞர் அனைவருக்கும் பொருந்தும். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. காரணம் எளிதில் விளங்கும். பங்கு பெறுபவர் வழக்கறிஞராக நில்லாமல் வழக்கின் கூட்டாளியாகி விடுகிறார். சமாதானமாகப் போவது கட்சிக்காரருக்கு நன்மையா என்று எண்ணுமுன், தம் பங்கு என்னவாகும் என்றே அவர் மனம் கணக்கிடும்.

தெலங்கானாவிலே விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம், கட்டணமாகப் பெருந்தொகை வாங்கியபின் இழப்பீட்டின் விகிதப்படி மேலும் கேட்டுக் காசோலை பெற்றார் ஒரு வழக்கறிஞர். பணமின்றிக் காசோலை திரும்பியபோது அப்பெண்மீதே வழக்கும் தொடுத்தார். 2017 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்து, விகிதக் கட்டணம் பொதுக் கொள்கைக்கு முரணானது என்று கூறிற்று. ஆதலின் கட்டணத்தை இவ்வளவு ரூபாய் என்றே பேசிக்கொள்ள வேண்டும். வழக்கின் தன்மைக்கும் வழக்கறிஞரின் தகுதிக்கும் ஏற்ற தொகை கேட்பதில் குற்றமில்லை.

கொடுக்கும் பணத்திற்கும் கணக்கு உண்டு. கட்டணம் வேறு, நீதிமன்றச் செலவு வேறு எனப் பிரித்து எழுதி வைப்பது வழக்கறிஞரின் கடமை. கட்சிக்காரருக்காக நீதிமன்றத்திலிருந்து தொகை பெற்றால் அதனை உடனே தெரிவித்தல் வேண்டும். கணக்கின் நகல் கேட்டால், படியெடுக்கும் செலவைப் பெற்றுக்கொண்டு தர வேண்டும். நம்மவர் பணத்தைக் குமாஸ்தாவின் கையிலே திணித்துவிட்டுச் சீட்டு கேட்கக் கூசுகிறார்கள். உரமூட்டைக்குப் பில் கேட்கிறவர் இதற்குச் சீட்டுக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

பத்திரங்களின் நிலையும் இத்தகையதே. கட்டணப் பாக்கி இருப்பதால் வழக்குக் கட்டைத் தரமாட்டேன் என்று சொல்வது முறையன்று. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வழக்குக் கட்டுகளை இவ்வாறு வைத்துக்கொண்ட வழக்கறிஞர்மீது புகார் எழுந்தது. 2000 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு சட்ட வழி உண்டு. ஊராட்சி உறுப்பினர்கள் இதனைச் சிறப்பாக மனத்திற்கொள்ள வேண்டும். புறம்போக்கு, குளம் பற்றிய வழக்குகளில் ஊராட்சிக் காகிதங்களை ஒரு தலைவர் கொடுத்திருப்பார்; அடுத்த தலைவருக்கு அவை எங்குள்ளன என்றே தெரியாது. கொடுக்குமுன் நகலெடுத்து அலுவலகக் கோப்பில் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்தல் நலம்.

இனி, வழக்கை எடுத்துக்கொண்டு நடத்தாமல் விடுவது. தமிழ்நாட்டிலே காது மந்தமான முதியவர் ஒருவரின் புரோநோட்டுகளுக்காகப் பணம் பெற்றும் வழக்குத் தொடராத வழக்கறிஞரை, மாநில பார் கவுன்சில் 6 ஆண்டுகளுக்குத் தொழிலினின்று விலக்கியது. மேல்முறையீட்டில் அது ஓராண்டாகக் குறைந்தது. 1979 இல் உச்ச நீதிமன்றம் அதனை மேலும் குறைத்து, ஏழைகளுக்கான இலவச சட்ட உதவிப் பணி செய்யுமாறு அவரைப் பணித்தது. புரோநோட்டுக் கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டுக் கெடுவே உண்டு; ஆகவே வழக்கு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஊர் திரும்பலாகாது. எண் கிடைத்தால் அதன் நிலையைக் கணினி வழியே யாரும் பார்த்துவிடலாம்.

முறைகேடு நிகழ்ந்தால், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுத்து மூலம், உண்மையென உறுதி கூறிக் கையொப்பமிட்டுப் புகார் செய்யலாம். முதற்கண் போதிய காரணம் உண்டெனக் கண்டால், அது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிற்கு அனுப்பப்படும். கண்டித்தல், சில காலம் தொழிலினின்று விலக்குதல், பதிவேட்டினின்று பெயரை நீக்குதல் ஆகியவை அக்குழு விதிக்கக்கூடிய தண்டனைகள். ஓராண்டிற்குள் முடியாவிடில் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். நுகர்வோர் நீதிமன்றத்திற்குச் செல்லலாம் என்று சிலர் கூறுவர். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வாராது என 2024 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வழக்கில் தோற்றது மட்டும் புகாருக்குக் காரணமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

வழக்கறிஞருக்கு நீதிமன்றத்தின்பாலும் கடமை உண்டு. இல்லாத சாட்சியை உண்டாக்கித் தருமாறு நாமே அவரை நெருக்கினால், மறுப்பதே அவர் அறம். அவ்வாறு மறுத்தவரைத் "துணிச்சல் இல்லாத வக்கீல்" என்று டீக்கடையிலே பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம்!

நீதிமன்ற வாசலில் காத்து நின்று ஆள்பிடிக்கும் தரகர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். ஆள் வைத்து வழக்குத் தேடுவது விதிப்படி குற்றம். தரகர்களின் பட்டியலை வெளியிட உயர்நீதிமன்றங்களுக்கும் மாவட்ட நீதிபதிகளுக்கும் 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதிகாரம் அளித்துள்ளது.

பணமில்லை என்று தரகரை நாடுவோர், தாலுகா நீதிமன்றத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிற்குச் செல்லலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வெள்ளத்தாலும் வறட்சியாலும் அவதியுறுவோர் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் இலவச வழக்கறிஞர் உண்டு; ஏனையோருக்கு வருமான வரம்பு உண்டு. அங்கே அமர்த்தப்படும் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் கட்டணம் பெறலாகாது. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.