கிழக் காரில் குமரி யாத்திரை

பழைய டீஸல் காரில் குடும்பத்துடன் பிரயாணம் புறப்படுகிறவர்களுக்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதவை: பொறுமை, ஒரு ஸ்பானர், வழியில் போகிறவர்களின் தயவு. இவற்றில் முதலாவது நம்மிடம் கொஞ்சம் இருந்தது. இரண்டாவது டிக்கியில் இருந்தது. மூன்றாவதை ஆரல்வாய்மொழிக் கணவாயில் கண்டுகொண்டோம்.

நம்முடைய கார் 1990-ஆம் ஆண்டில் நம் தகப்பனார் வாங்கிய டீஸல் அம்பாஸடர். விலாயத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சில் பிறந்ததானாலும், வங்காளத்து உத்தரபாராவில் இந்தியத் தொழிலாளரின் கைகளால் உருவானது. 1942-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 2014 வரையில் அங்கே அம்பாஸடரைச் செய்துவந்தார்கள். எஞ்சினுக்கு 37 குதிரைகளின் சக்தி உண்டு என்று கணக்கு. அவற்றில் எத்தனை குதிரைகள் இப்போது உயிரோடிருக்கின்றன என்பதை நாம் விசாரிப்பதில்லை. ஆனால் ஒரு விசேஷம்: முன் ஆசனம் ஒரே பலகையாக நீண்டிருப்பதால், நாமும் தம்பியும் பன்னிரண்டு வயதுப் பையனும் முன்னால் உட்கார, தாயாரும் மனைவியும் சிறு பெண்ணும் பின்னால் தாராளமாக உட்காரலாம். பலகாரத் தூக்குக்கும் தனி இடம் உண்டு.

டீஸல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் தீப்பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே தத்துவந்தான். காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கினால் அது கொதிப்பேறும். அந்தச் சமயத்தில் எண்ணெயைத் துளித்துளியாகச் சீறியடித்தால் தானே தீப்பற்றிக் கொள்ளும். ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1897-இல் இதை நடத்திக் காட்டினார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இத்தகைய எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடிற்று. இந்தச் செய்தியைக் கேட்ட தாயார், "அப்படியானால் வடை சுட்ட எண்ணெயைக் கொட்டாமல் வைத்திருக்கலாமே!" என்றார்கள்.

விடியற்காலையில் ஹீட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டு, கர்ப்பக்கிருகத்தில் திரை விலகுவதற்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தோம். கார் இருமிற்று, கனைத்தது, கிளம்பிற்று. ஆடி மாதம். திருநெல்வேலியை விட்டு நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு எல்லாம் தாண்டி, நாகர்கோவில் சாலையில் திரும்பினோம். மலைகள் நெருங்கின. தென்மேற்குப் பருவக்காற்று கணவாயின் குறுகிய வாய்க்குள் புகுந்து பாய்கிற இடம் அது. முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் வெண்ணிறக் கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தன. அந்த அழகைப் பார்த்து நாம் வியந்துகொண்டிருக்கையில், கார் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோயிற்று.

எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் தாமாகவே இறங்கி வந்தார். முகப்பு மூடியைத் திறந்து ஒரு கணம் பார்த்தார். "பயப்படாண்டாம் அண்ணாச்சி. ரப்பர் குழாய் வெடிச்சிருக்கு. டீஸலோட வண்டி காத்தையும் குடிச்சிருக்கு" என்றார்.

காற்றுக்குப் பெயர்போன கணவாய்க்கு வந்து, நம் காரும் காற்றைக் குடித்துவிட்டது! குழாயின் வெடித்த நுனியை நறுக்கி மாட்டிவிட்டு, வடிகட்டியின் மேலுள்ள திருகை ஸ்பானரால் தளர்த்தி, பையனை அழைத்தார். "மக்கா, நீ இந்தக் கைப்பம்பை அடி. நுரை நிக்கிற வரைக்கும் அடிக்கணும்." பையன் அடித்தான். நுரையும் குமிழியுமாக வந்தது. பிறகு சுத்தமான டீஸல் வந்தது. திருகை முடுக்கினார். பணத்தை எடுத்து நீட்டினோம். "இதுக்கு எதுக்குப் பைசா?" என்று சிரித்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

அந்த அரைமணி நேரத்தில் பையனுக்கு அந்த இடத்தின் சரித்திரத்தைச் சொல்லியிருந்தோம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு சேரும்வரை நாஞ்சில் நாடு மலையாளத்து ராஜ்யத்தின் பகுதி. அதன் கிழக்கு வாசல் இந்தக் கணவாய். தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் வெள்ளையரை எதிர்த்துக் கிளம்பியபோது, 1809-இல் அவர்களுடைய சேனை இங்கிருந்த கோட்டை அரணை உடைத்துக்கொண்டுதான் உள்ளே புகுந்தது.

சரித்திரம் முடிந்தது, எஞ்சினும் உயிர் பெற்றது. ஆனால் அதன் முதல் மூச்சு மேகம்போல் கரும்புகையாக வெளிவந்தது. சாலையோரத்தில் பஸ்ஸுக்காக நின்ற ஒரு பெண்மணி, கைக்குழந்தையின் முகத்தைச் சட்டென்று முந்தானையால் மூடினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பையன் அவளைப் பார்த்தான், காற்றாலைகளைப் பார்த்தான், பிறகு, "இத்தனை விசிறிகள் சுற்றுகின்றனவே, ஒன்றிலாவது புகை இல்லையே?" என்று கேட்டான். நாம் பதில் சொல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் டீஸல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றென்று 2012-லேயே அறிவித்ததை நாம் அறிவோம். அறிந்தும் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

தோவாளைப் பூச்சந்தையில் மல்லிகை வாங்கியபோதும் கையிலிருந்த டீஸல் நாற்றம் போகவில்லை.

நாகர்கோவிலைக் கடந்து சுசீந்திரம் சேர்ந்தோம். தாணுமாலயன் கோயிலில் பதினெட்டடி அனுமாரையும், தட்டினால் இசைக்கும் கல்தூண்களையும் கண்டு குழந்தைகள் பரவசமானார்கள். ஆனால் நாம் அவர்களுக்கு முக்கியமாய்க் காட்ட விரும்பியது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை. நம் கார் தயக்கமின்றி உருண்ட அந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் நடக்கக்கூட அனுமதி இல்லை. அந்த உரிமைக்காக 1926-இல் டாக்டர் எம். ஈ. நாயுடு முதலியோர் இங்கே சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரகடனத்தால் ஆலயக் கதவுகளும் திறந்தன. "அதற்கு முன்பு ஏன் தடுத்தார்கள்?" என்றாள் சிறு பெண். "பழைய வழக்கம் என்றார்கள்" என்றோம். சொல்லிவிட்டு, நம் வாய்ச்சொல் நம்மையே சுடுவதை உணர்ந்தோம். பழையது என்பதற்காகவே நாமும் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழவில்லையா?

மாலையில் குமரிமுனையை அடைந்தோம். காந்தி மண்டபத்தின் படியில் உட்கார்ந்து பலகாரத் தூக்கைத் திறந்தோம். 1925-இல் மகாத்மா இங்கு வந்தபோது, கடல் கடந்து சீமைக்குப் போனவர் என்பதற்காக அவரைக் கன்னியாகுமரி அம்மனின் உட்சந்நிதிக்கு விடவில்லை. 1937-இல் மீண்டும் வந்தபோது கதவு திறந்திருந்தது.

காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு; பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. ஐந்தாம் முறை புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கிவிட்டது. கைவிட்டால் தாயார் மனம் வருந்துவார்களே என்பதே நம் கவலை. தயங்கித் தயங்கிக் கேட்டோம்.

தாயார் கடலைப் பார்த்தபடி சொன்னார்கள்: "உன் அப்பா வில்வண்டியையும் மாடுகளையும் விற்றுத்தான் இதை வாங்கினார். அந்த மாடுகளுக்காக நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர், 'பேரப் பிள்ளைகள் சௌகரியமாகப் போக வேண்டாமா?' என்றார். இப்போது பேரப் பிள்ளைகளுக்கு எது சௌகரியமோ, அதைச் செய்."

முடிவு செய்துவிட்டோம். பதிவைப் புதுப்பிக்கப் போவதில்லை. சீட்டு முடியுமுன் அரசாங்க அனுமதி பெற்ற உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்துவிடுவது. காசு சேர்ந்த பிறகு மின்சாரக் கார் ஒன்று வாங்குவது. மின்சாரம் முழுவதும் காற்றிலிருந்து வந்துவிடவில்லை, இன்னும் நிலக்கரியும் எரிகிறது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் பஸ்ஸுக்கு நிற்கும் குழந்தையின் முகத்தில் நம் புகை படியாது.

மறுநாள் திரும்பும்போது கணவாயில் கார் ஒரு விக்கலும் இல்லாமல் ஏறிற்று. பையன் வெளியே தலையை நீட்டிக் காற்றாலைகளை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் எண்ணிக்கையை விட்டுவிட்டான். தாயார், தோவாளையில் வாங்கிய மல்லிகைச் சரத்தில் ஒரு முழம் கிள்ளி, முன்னால் நீட்டி, "இதை அதற்குச் சூட்டு" என்றார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, முகப்பில் கட்டினோம். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. மறுபடி கிளம்பும் என்பதற்கு என்ன நிச்சயம்?